உதறல் அக்கா

என் அண்ணி எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் மேசையின் கால்களைத்தான் பார்ப்பார். நாலில் ஒன்று தரையைத் தொடாமல் நின்றால் போதும். சாப்பாடு ஆறிப்போனாலும் சரி, காகிதத்தை மடித்து அதன் அடியில் செருகிய பிறகுதான் கை கழுவப் போவார். இதற்கென்றே கைப்பையில் பழைய பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒருமுறை வங்கியில் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மேசைக்கு அடியில் மறைந்துபோக, காவலாளி பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே இந்தக் குணம் தெரிந்துவிட்டது. எங்கள் கூடத்து மின்விசிறி பதினோரு வருடமாகக் 'கடக் கடக்' என்று ஆடிக்கொண்டே சுற்றும். நாங்கள் யாரும் அதைச் சத்தமாகவே நினைத்ததில்லை. புதுப்பெண் உறவுக்காரர்களிடம் ஒழுங்காகப் பேசி முடித்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு ஸ்டூலும் கொஞ்சம் டேப்பும் கிடைக்குமா என்று கேட்டார். கல்யாணப் படத்தை மாட்டப் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லறைக் காசை வாங்கி, ஸ்டூலில் ஏறி, விசிறியின் ஒரு இறக்கைமேல் வைத்து ஒட்டினார். ஓடவிட்டுப் பார்த்தார். நிறுத்தி, இரண்டு விரல் தள்ளி ஒட்டினார். மூன்றாவது தடவை சத்தம் அடியோடு நின்றது.

அந்த அமைதியில் அப்பாவுக்கு ஒரு வாரம் மத்தியானத் தூக்கம் வரவில்லை. "அது பாட்டுக்கு இருந்துச்சு" என்று முனகிக்கொண்டே புரண்டார். கடைசியில் ரேடியோவை நிலையம் சரியாகக் கிடைக்காத இடத்தில் வைத்துக் கரகரப்பில் தூங்கப் பழகிக்கொண்டார்.

அண்ணி அப்போது ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் இறக்கைகளின் எடையைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருநூறு விசிறிகளை ஓடவிட்டு, ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் எந்த இறக்கை கனம், எது லேசு என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருடம் தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணி மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் ஆடுவதற்கு ஒரு பொருள் பாக்கியில்லை. துணி துவைக்கும் இயந்திரம் நகர மறந்தது. கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. அம்மா என் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கயாவது ஒரு வேலை பார்த்துக் குடுடா, இல்லன்னா அடுத்தது என் கட்டில்தான்" என்றார்.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. முந்நூறு பேருக்குச் சமைத்துச் சமைத்து, நாலு பேருக்கு எவ்வளவு என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது. மனசு சரியில்லாவிட்டால் அளவு இன்னும் கூடும். அவன்தான் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஊருக்கு வெளியே இருக்கும் பறக்கும் கிளப்பில் அதிர்வுப் பரிசோதனைக்கு ஆள் தேவை.

கிளப் என்றால் ஒரு சின்ன ஓடுபாதை, தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை ஒன்று, அதில் பதினொரு குட்டி விமானங்கள். இரண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர் உட்காரலாம். நேர்முகத் தேர்வில் கிளப் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, விமானம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது சார்" என்றார் அண்ணி. "ஆனா முன்னாடி இருக்கறது ஃபேன்தானே?"

செயலாளர் பேனாவை மூடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மெக்கானிக்தான் விழுந்து விழுந்து சிரித்து, இந்தம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு விமானத்தைக் கட்டி நிறுத்தி ஓடவிட்டார்கள். அண்ணி விமானத்தின் பக்கச் சிறகு நுனியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு பக்கம் கனமாக இருக்கிறது என்றார். எந்தப் பக்கம் என்று மெக்கானிக் கேட்டார். "அதை உங்க பெட்டிதான் சொல்லணும். அதுகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் குடுங்க" என்றார். அன்றே வேலை கிடைத்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் மூக்கில் சுற்றும் விசிறியைப் புத்தகத்தில் ப்ரொப்பெல்லர் என்று எழுதியிருக்கிறார்கள். கொட்டகையில் எல்லோருக்கும் விசிறிதான். அதன் ஒரு பக்கம் இம்மியளவு கனமாக இருந்தாலும் எஞ்சின் ஆடும், எஞ்சின் ஆடினால் விமானமே ஆடும். நாளாவட்டத்தில் திருகுகள் தளரும், தகடுகள் விரிசல் விடும், ஓட்டுபவரின் பல் கிட்டிக்கும். இதைப் பிடிக்க, எஞ்சினின் முன்பக்கம் ஒரு சென்சாரைத் திருகி, விசிறியின் ஒரு இறக்கையில் பளபளக்கும் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் ஒளி படும்படி ஒரு விளக்கையும் வைப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டால், எவ்வளவு ஆடுகிறது, கனம் எந்தத் திசையில், ஒரு நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று பெட்டி சொல்லும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாஷரோ இரண்டோ சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். முப்பது என்று காட்டிய எண் ஐந்துக்குக் கீழே வந்தால் அண்ணி அன்றைக்கு வீட்டில் பாட்டுப் பாடுவார். பாட்டு மட்டும் கொஞ்சம் ஆடும். அதற்கு வாஷர் இல்லை.

பரீட்சைகள் எழுதித் தேறி, நாலு வருடத்தில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளரானார். கொட்டகையில் அதிர்வு என்ற சொல் படிவத்தில் மட்டும்தான் இருக்கும். வாயில் வருவது உதறல். "மூணாம் நம்பர்ல உதறல், அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அப்படியே 'உதறல் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முன்பதிவு மேசைக்கு ஆள் தேவைப்பட்டபோது என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். அதனால் இனி நான் சொல்லப்போவதில் பாதி என் கண் முன்னால் நடந்தது. மீதியை அண்ணியும், கிளப்பில் வந்து சேர்ந்த ஒரு பல் டாக்டருமே சொன்னார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இது நடக்கும்வரை பத்தொன்பது வருடம் அங்கே வேலை பார்த்திருந்த அண்ணி ஒரு தடவைகூட விமானத்தில் ஏறிப் பறந்ததில்லை. கூப்பிடாதவர்கள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்வார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்: "எனக்கு அதுல இருக்கற ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாத் தெரியும்டி. தெரியாதவங்க நிம்மதியா ஏறுவாங்க."

அந்தப் பல் டாக்டர் ஐம்பது வயதில் பறக்கக் கற்றுக்கொண்டவர். உரிமம் கையில் வந்த அடுத்த மாதமே ஓர் இரண்டு இருக்கை விமானத்தைச் சொந்தமாக வாங்கி எங்கள் கொட்டகையில் நிறுத்தினார். மெதுவான, வழுவழுப்பான குரல். "ஒண்ணும் பண்ணாது, லேசா ஒரு கூச்சம், அவ்வளவுதான்" என்று ஆயிரக்கணக்கான வாய்களுக்குள் சொல்லிப் பழகிய குரல். என்னிடம் முன்பதிவு செய்யும்போதுகூட அந்தக் குரலைக் கேட்டால் எனக்குத் தன்னிச்சையாக வாய் திறந்துகொள்ளும்.

அந்த விமானத்தில் அவர் தனியாகப் பறந்துவிட்டு வந்த முதல் நாள், புகார்ப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: தரையை விட்டுக் கிளம்பியதும் காலடியில் உதறல், இறங்கும்போது இன்னும் அதிகம், தரையில் நின்றால் இல்லை.

அண்ணி விமானத்தைக் கட்டி நிறுத்தி ஓடவிட்டார். முப்பத்தொன்று காட்டியது. விசிறியின் நடுவில் இருக்கும் மூக்குக் கூம்பைக் கழற்றினால், உள்ளே ஒரு குளவி மண்ணால் கூடு கட்டி வைத்திருந்தது. கூட்டைச் சுரண்டி எடுத்து, வாஷர் போட்டு, நாலுக்குக் கொண்டுவந்தார். குளவிக் கூட்டைக் காகிதத்தில் சுற்றி டாக்டருக்குப் பரிசாகவே கொடுத்தார். டாக்டருக்குப் பரம சந்தோஷம். பறந்தார், இறங்கினார், புத்தகத்தைக் கேட்டார். உதறல் அப்படியேதான் இருக்கிறது என்று எழுதினார்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தொய்ந்திருக்கலாம் என்று நாலையும் மாற்றினார்கள். உதறல் இருந்தது. பொறி தரும் ப்ளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். இருந்தது. டாக்டர் தானாகவே அடம்பிடித்துப் புது விசிறி வாங்கி மாட்டினார். அண்ணி அதையும் மூன்றுக்குக் கொண்டுவந்தார். அப்போதும் இருந்தது.

பயிற்சி மாஸ்டர், அதாவது டாக்டருக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தவர், அதே விமானத்தைத் தனியாக எடுத்துப்போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். பிறகு டாக்டரையும் உட்காரவைத்துக்கொண்டு போனார். இருவரும் இறங்கி வந்தபோது டாக்டரின் முகம் வாடியிருந்தது. அன்றைக்கென்று உதறல் வரவே இல்லை.

"பார்த்தீங்களா, மனப்பிரமை" என்று மாஸ்டர் சொன்னது டாக்டரின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மறுவாரம் டாக்டரின் மனைவி வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், கறாரான பெண்மணி. என் மேசைக்கு முன்னால் நின்று, ஓட்டை விமானத்தில் என் வீட்டுக்காரரைத் தனியாக அனுப்புகிறீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டார். நான் தேதி போடும் முத்திரையை எடுத்து எங்கே குத்துவது என்று தெரியாமல் என் கையிலேயே குத்திக்கொண்டேன். செயலாளர் அண்ணியைக் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும் என்றார்.

அண்ணி பெட்டியையும் சென்சாரையும் எஞ்சினிலேயே கட்டி, பதிவாகும்படி வைத்து, டாக்டரைத் தனியாக அனுப்பினார். திரும்பி வந்த பதிவில் எஞ்சின் சாதுவாக இருந்தது. அதைக் காட்டியதும் டாக்டருக்கு முதன்முறையாகக் குரல் உயர்ந்தது.

"உங்க பெட்டிக்குத் தெரியல. என் காலுக்குத் தெரியுதும்மா."

அண்ணி இரண்டு நாள் அந்த வாக்கியத்தை மென்றுகொண்டிருந்தார். காலுக்குத் தெரிகிறது என்றால் சென்சார் கால் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? காலடியில் இருப்பவை வாலைத் திருப்பும் இரண்டு பெடல்கள். எஞ்சினில் ஒரு சென்சார், பெடல் பக்கம் ஒன்று, இரண்டையும் ஒரே பறப்பில் ஒப்பிட்டால்தான் எது எதை ஆட்டுகிறது என்று தெரியும். ஆனால் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு வயர்தான் செருகலாம். பறக்கும்போதே யாராவது ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகி, எண்களைப் படிக்க வேண்டும். ஓட்டுகிறவர் அதைச் செய்ய முடியாது. மாஸ்டர் கூட உட்கார்ந்தால் உதறல் வருவதில்லை. பெரிய மெக்கானிக்கின் கண்ணுக்கு இப்போதெல்லாம் அந்தச் சின்ன எண்கள் தெரிவதில்லை. பெட்டியைக் கையாளத் தெரிந்த வேறு ஆள் கிளப்பில் ஒருவர்தான்.

வீட்டில் அண்ணி இதைச் சொன்னபோது அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்து சமையலறைக்குள் போனான். அன்றைக்கு நாங்கள் தெருவில் ஏழு வீடுகளுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினோம்.

மறுநாள் காலை அண்ணி விமானத்தின் ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற டாக்டர் உருகிப்போனார். என் வாழ்க்கையில் இவ்வளவு அக்கறையான ஆளைப் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார். அண்ணி நாலாவது சுற்றைத் தொடங்கப் போக, பெரிய மெக்கானிக் அவர் கையைப் பிடித்து இருக்கையில் உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டினார்.

ஓடுபாதையில் விமானம் வேகம் பிடிக்கும்போது அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாராம். தரை விலகியது சக்கரங்களின் கடகடப்பு நின்றதில்தான் தெரிந்தது. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. ஒற்றைக் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். எஞ்சின் வயரில் நாற்பது. விசிறி அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு நாற்பது சுற்று, அதோடு சேர்ந்த மெல்லிய அதிர்வு. அளவு மூன்றுக்கு மேல் போகவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர், தன் வழுவழுப்பான குரலில். "தெரியுதா? இப்ப வருது பாருங்க."

அண்ணி வயரைப் பிடுங்கி, பெடல் பக்கத்து வயரைச் செருகினார். எண் எகிறியது. உதறல் இருந்தது. சந்தேகமே இல்லாமல், முழுசாக, டாக்டர் சொன்ன அதே இடத்தில் இருந்தது. ஆனால் வேகம் ஒரு நொடிக்கு ஏழு.

ஏழா? அண்ணி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். நாற்பது என்றால் விசிறி. எண்பது என்றால் எஞ்சினுக்குள் எரிபொருள் வெடித்து எரியும் துடிப்பு. தரையை விட்டதும் கொஞ்ச நேரம் சும்மா சுற்றும் சக்கரமாக இருக்கலாம் என்று காத்திருந்தார். சக்கரம் எப்போதோ நின்றிருக்கும், ஏழு நிற்கவில்லை. தளர்ந்த தகடு, ஆடும் கதவு, புகைக்குழாய் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் கழற்றி மாட்டினார். அந்த விமானத்தில் நொடிக்கு ஏழு தடவை ஆடும் பொருள் எதுவுமே இல்லை. வேறு வழியில்லாமல், வயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். வயர் முடிகிற இடத்தில் பெடல். பெடலின் மேல் பளபளவென்று துடைத்த பழுப்பு நிற ஷூ. ஷூவுக்கு மேலே பேண்ட். முழங்காலில் அந்தப் பேண்ட் துணி காற்றில்லாமலே படபடத்துக்கொண்டிருந்தது.

டாக்டரின் முகம் சாந்தமாக இருந்தது. கைகள் உறுதியாக இருந்தன. கால் மட்டும் தையல் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் ஏன் வருவதில்லை என்பதும் அந்த நிமிடமே அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அண்ணி தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சென்சார் வெளியே இருந்ததால், பெடலில் ஒட்டியிருந்ததை மெல்லப் பிய்த்துத் தன் முழங்காலில் வைத்துப் பார்த்தார். ஒன்பது.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"தெரிஞ்சுது டாக்டர். உதறல் இருக்கு."

"அப்பாடா" என்று அவர் விட்ட மூச்சில் முன்கண்ணாடி ஆவி படிந்ததாம். ஒரு வருடமாக யாரும் நம்பாத மனிதர். அண்ணிக்கு அப்போது உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. இனிமேல்தான் அவர் விமானத்தை இறக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

இறங்கி வந்த டாக்டர் தலையை நிமிர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தார். மாஸ்டரைப் பார்த்து, அந்தம்மாவே பார்த்துவிட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். செயலாளர், பெரிய மெக்கானிக், மாஸ்டர், நான், எல்லோரும் அண்ணியைச் சுற்றி நின்றோம். அண்ணியின் முகம் இன்னும் வெளுத்திருந்தது. உதறல் உண்மைதான் என்றார். எஞ்சினிலும் இல்லை, விசிறியிலும் இல்லை, பெடல் பக்கம் இருக்கிறது, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மாஸ்டர் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் பெருந்தன்மையாகத் தோளில் தட்டினார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அண்ணி பல் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியாக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தனியாகப் பேச வேறு இடமில்லை. உள்ளே போனதும் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் டாக்டர் பழக்கதோஷத்தில் கண்ணாடியை விட்டுவிட்டார். கடைவாயில் ஒரு சொத்தை இருப்பதைக் கண்டுபிடித்து, அதை அடைத்து, வாய் கொப்பளிக்கச் சொன்ன பிறகுதான் அண்ணியால் பேச முடிந்தது. அப்போதும் பாதி உதடு மரத்திருந்தது. அதனால் பேசாமல் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் மூன்று வரி. எஞ்சின் நாற்பது. பெடல் ஏழு. கடைசி வரியில் ஒன்பது என்று மட்டும் எழுதியிருந்தது.

டாக்டர் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது எது?"

"அது என் முழங்கால் டாக்டர். மேல போனதும் ஆரம்பிச்சது, இறங்கினப்புறம்தான் நின்னுது. எனக்குப் பறக்கறதுன்னா பயம். பத்தொம்போது வருஷமா என் நாத்தனாரைத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்ல."

டாக்டர் தலையாட்டினார். இரக்கத்தோடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவர் விரல் ஒரு வரி மேலே நகர்ந்து, ஏழில் போய் நின்றது. கையைக் கழுவும் குழாயில் தண்ணீர் சொட்டியது. வெளியே காத்திருந்தவர்களில் யாரோ இருமினார்கள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப உங்களுக்குத்தான் அதிகம்" என்றார் கடைசியில்.

"ஆமாம் டாக்டர். ரெண்டு அதிகம்."

அதற்கப்புறம்தான் அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு கண்ணீர் வரும்வரை. சிரித்து ஓய்ந்து, அந்த நோயாளி நாற்காலியின் கால் வைக்கும் பலகையைக் காட்டினார். இருபத்தாறு வருடமாக யார் உட்கார்ந்தாலும் அது கடகடவென்று ஆடுகிறதாம். நாற்காலி செய்து கொடுத்தவருக்கு இரண்டு முறை கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறாராம். "நோயாளிங்க கால்னு எனக்குத் தோணவே இல்லம்மா. என் கால் ஆடறதே எனக்குத் தெரியலன்னா, அது எப்படித் தோணும்?"

அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. தான் பயப்படுகிற ஆள் இல்லை என்று அவர் மனசு முடிவு செய்திருந்தது. காலிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

விமானத்தை விற்றுவிடப் போகிறேன் என்று அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாராம். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். மருந்துக்கடை அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. "விக்க வேணாம். நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றார்.

அடுத்த வாரம் அவர் என் மேசைக்கு முன்னால் மறுபடி வந்து நின்றபோது நான் முத்திரையைத் தூர வைத்துவிட்டேன். பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தார். எட்டு மாதத்தில் உரிமம் வாங்கினார். காலா அது, கல்தூண் என்று மாஸ்டர் சொல்வார். ஒருமுறை நடு வானத்தில் மாஸ்டர் பயிற்சிக்காக எஞ்சினைக் குறைத்துவிட்டு, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். முதலில் நீங்கள் கையை எடுங்கள், பிறகு சொல்கிறேன் என்று பதில் வந்ததாம்.

டாக்டர் இப்போது வலது இருக்கையில், தொலைநோக்கியும் கேமராவுமாகப் பறக்கிறார். அந்த இருக்கையில் அவர் கால் ஆடுவதில்லை. மனைவி திருப்பும்போது கொஞ்சம் வெடுக்கென்று திருப்புகிறார் என்பதுதான் புகார், அதையும் தரைக்கு வந்த பிறகுதான் சொல்கிறார். கிளப்பில் தேநீர் குடிக்கும்போது புதிதாகச் சேர்ந்தவர்களைப் பிடித்து முழுக் கதையையும் அவரே சொல்வார். கடைசியில், எனக்கு ஏழுதான், அந்தம்மாவுக்கு ஒன்பது என்று சொல்லாமல் விடமாட்டார்.

புகார்ப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் மேலும் எட்டு மாதம் மூடப்படாமல் இருந்தது. செயலாளர் வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடை அம்மா கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதல் தடவை பறந்து இறங்கிய அன்று, அண்ணி பேனாவை எடுத்து, 'ஓட்டுநர் இருக்கையில் மாற்றம் செய்யப்பட்டது, இப்போது உதறல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் படித்துப் பார்த்து, எந்த மாதிரி இருக்கை என்று கேட்டார். கொஞ்சம் கறாரான மாதிரி என்றார் அண்ணி.

போன வருடம் மருந்துக்கடை அம்மா அண்ணியை விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டி இல்லாமல், வேலை இல்லாமல், சும்மா. நானும் அண்ணனும் வீட்டு மொட்டைமாடியில் நின்றோம். அண்ணன் ஒரு படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். விமானம் எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. உள்ளே ஒரு கை அசைந்ததுபோல இருந்தது. அண்ணன் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டான். கீழே போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து, எப்படி இருந்தது, எங்களையெல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தேன். தண்ணித் தொட்டி மூடி தொறந்தே கிடக்கு, எத்தனை நாளா அப்படி இருக்கோ" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினார்.